யாரும் எதுவும் போடாதீங்க

"படம் வந்துச்சா இல்லையா? மொதல்ல அதச் சொல்லு."

"சுத்துது அத்தா. வட்டமா சுத்திக்கிட்டே இருக்கு."

"சுத்தட்டும். பொண்ணு பேரு நிலோபர். ஊரு திருச்சுழி. பள்ளிக்கூடத்துல டீச்சரு. அவுக அத்தா சிக்கந்தரு மரக்கடை வச்சிருக்காக. ஆளு தங்கம். நீ தொழுகுறியா? தலைக்கு எண்ண வைக்கிறியா? அங்கன பன்னிக்கறிச் சட்டியெல்லாம் நீ கழுவாத, வேற ஆளக் கழுவச் சொல்லு."

"அத்தா, நான் ஒரு விசயம் சொல்லணும்..."

"நீ பேசாத. நெட்டு தீந்துரும். நான் சொல்றதக் கேளு."

அப்துல் கனி சொன்னார். பரளச்சிப் பக்கம் மழை இல்லாததைச் சொன்னார், பெண் வீட்டாரின் மூன்று தலைமுறையைச் சொன்னார், கப்பலில் யாரும் ஆடக் கூப்பிட்டால் போகக் கூடாது என்பதைச் சொன்னார். நாலாவது நிமிடத்தில் திரையில் மகனுடைய முகம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு கண் மூடியிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது.

"ஹலோ... ஹலோ... ஏலே சாதிக்கு!"

போய்விட்டது. அப்துல் கனி போனைத் தட்டிப் பார்த்தார், உதறிப் பார்த்தார். அவருக்கு அருப்புக்கோட்டையில் துண்டு, கைலி மொத்த வியாபாரம். எதையும் உதறிப் பார்த்துத்தான் பழக்கம்.

மகன் சாதிக்குக்கு ஓர் உல்லாசக் கப்பலின் அடுப்படியில் வேலை. பதினாலு மாடி, மூன்று நீச்சல் குளம், ஒரு சினிமாக் கொட்டகை, எல்லாம் அந்தக் கப்பலுக்குள்ளேயே உண்டு. இன்டர்நெட் மட்டும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். போன லீவில் வந்தபோது சாதிக் சொல்லிச் சிரித்தான்: கப்பலில் சோறு சும்மா, காலையிலிருந்து படுக்கிறவரை தின்றுகொண்டே இருக்கலாம், நெட்டுக்குத்தான் காசு. கோடீஸ்வரன்கூட கவுண்டரில் நின்று, 'இவ்வளவு வாங்கிக்கொண்டு ஒரு மெயில்கூடத் திறக்கவில்லையே' என்று சண்டை போடுவானாம். வேலைக்காரர்களுக்குத் தனிக் கார்டு. பத்து டாலர் கொடுத்து வாங்கிச் சுரண்டி நம்பரைப் போட்டால், ஒரு போட்டோ இறங்குவதற்குள் பாதிக் கார்டு காலியாகிவிடும்.

அவன் அப்படிச் சொல்லி இரண்டு வருடமாகிறது. அப்துல் கனி அந்தப் பேச்சைக் கல்வெட்டு மாதிரி மனத்தில் வெட்டி வைத்திருந்தார்.

சிக்கந்தர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "கனி பாய், மாப்ள பொண்ணு படத்தப் பாக்கணும். பாத்துட்டு அவரு வாயாலயே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். நாளைக்கு ஜமாத்துல நாலு பேரு கேட்டா நான் பதில் சொல்லணும்ல. வர்ற வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குள்ள சொல்லிட்டீகன்னா பேசி முடிச்சிரலாம்."

அன்றைக்குத் திங்கட்கிழமை. இது சாதிக்குக்குப் பார்க்கும் மூன்றாவது இடம். முதலில் விருதுநகர், அடுத்து ராமநாதபுரம். இரண்டிலும் கப்பலிலிருந்து ஒரு 'சரி' வந்து சேரவில்லை. அப்துல் கனி வாக்குக் கொடுப்பதும், கப்பல் அதைக் கடலில் போடுவதுமாக இருந்தது. மூன்றாவதும் போனால் மானம் கப்பலேறிவிடும். ஏற்கெனவே அது பாதிப் படி ஏறித்தான் நின்றது.

அவர் நேராக பஸ் ஸ்டாண்டு பக்கம் சக்திகுமாரின் செல்போன் கடைக்குப் போனார். சக்திகுமார் நெசவுக்காரக் குடும்பம். வீட்டில் அம்மாவிடம் தெலுங்கு பேசுவான், கடையில் தமிழ் பேசுவான், போன்களோடு மட்டும் பேசாமலே காரியம் முடிப்பான். போனை வாங்கி ஒரு தள்ளுத் தள்ளியதுமே கேட்டான்:

"பாய், உங்க மகன் இந்தக் குரூப்புல இருக்காரா?"

"கனி குடும்பம்தான? இருக்கான். அறுபத்து நாலு பேரும் இருக்கோம். நான்தான் அட்மினு." ஜமாத் தலைவர் பதவியைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"இன்னைக்கு மட்டும் நாப்பத்தேழு வந்துருக்கு. அவரு கார்டப் போட்டதும் மொதல்ல இதெல்லாம்தான் எறங்கும். ஒவ்வொரு ரோசாப்பூவுக்கும் டாலருதான்."

"எவன் அவன், இம்புட்டு ரோசாப்பூ அனுப்புறவன்?"

சக்திகுமார் போனை அவர் பக்கம் திருப்பினான். நாற்பத்தேழில் முப்பத்தொன்று அப்துல் கனி அனுப்பியது.

"ஆனா பாய், இப்பல்லாம் கப்பல்ல நெட்டு முந்தி மாதிரி இல்லைன்னு..."

"நீ பேசாதப்பா. நான் சொல்றதக் கேளு."

சொன்னதோடு நிற்காமல், அங்கேயே நின்று குரூப்புக்கு ஒரு குரல் செய்தி பதிவு செய்தார். சலாத்தில் தொடங்கி, குரூப்பின் வரலாறு, கப்பலின் நிலைமை, டாலரின் மதிப்பு எல்லாம் சொல்லி, 'ஆகவே இனிமேல் யாரும் எதுவும் அனுப்பக் கூடாது' என்று முடித்தார். ஏழு நிமிடம் வந்தது. ஒரு ரோஜாப்பூவைவிட அது எத்தனை மடங்கு பெரிது என்று சக்திகுமார் சொல்ல வாயெடுத்தான். பிறகு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டான்.

அனுப்பக் கூடாது என்ற உத்தரவை ஏற்றுக்கொண்டதைத் தெரிவிக்க எல்லோரும் அனுப்பினார்கள். "சரி மாமு." "சரி மச்சான்." "கனி சொன்னா சரியாத்தான் இருக்கும்." மனைவியின் தம்பி அனீஸ், "யாரும் போடாதீங்கப்பா, மச்சான் சொல்றாருல்ல" என்று நாலு தடவை போட்டான். ஒருத்தர் வாயில் விரல் வைத்த குழந்தையின் வீடியோவை அனுப்பினார். அது மூன்று நிமிடம் ஓடியது.

பரளச்சி அக்கா ரகமத்துக்கு ஏழு நிமிடம் கேட்கப் பொறுமை இல்லை. 'நம்ம சாதிக்கு கப்பல்ல ரொம்பச் செரமப்படுறான், எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருக்கணும்' என்கிற இடம்வரை கேட்டாள். அது போதுமாக இருந்தது.

"யா அல்லாஹ்! எப்ப முழுகுச்சு?" என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு அவன் உயிருக்காக வேண்டித் துஆக்கள் வரிசையாக வந்தன. சாயங்காலம் அப்துல் கனி வீட்டுக்கு வந்தபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மீன் பொரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி மீரான் பீவி, யாருக்காக என்று தெரியாமலே கரண்டியோடு வந்து சேர்ந்து அழுதாள். விவரம் தெரிந்ததும் கரண்டியை ஓங்கிக்கொண்டு கணவனைத் தேடினாள். ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்துக் கப்பல் மிதக்கிறது என்று நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை சக்திகுமாரிடம் போய், "என் மகன இந்தக் குரூப்புல இருந்து எடுத்துவிடு. அவனுக்கு எதுவும் போகக் கூடாது" என்றார்.

"எடுத்தா எல்லாருக்கும் தெரியும் பாய்."

"தெரிஞ்சா தெரியட்டுமே. நல்லதுதான செய்றேன்."

'அப்துல் கனி சாதிக்கை நீக்கினார்' என்று அறுபத்திரண்டு பேருடைய போனிலும் விழுந்தது. மதியத்துக்குள் அவர் மகனை ஒதுக்கிவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. ரகமத்து அக்கா ஜமாத்தார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"பெத்த புள்ளைய இப்படித்தான் ஊரறிய வெட்டிவிடுவியாடா? அவன் என்ன தப்புப் பண்ணுனான்?"

"தப்பு ஒண்ணும் பண்ணலக்கா. நெட்டு மிச்சமாகணும்னுதான்..."

"நெட்ட மிச்சம் புடிக்க மகனக் கழிச்சு விட்டியாக்கும்!"

கூட வந்த இரண்டு பேரும் டீயைக் குடித்துவிட்டு, கடையை யார் பேருக்கு எழுதி வைத்திருக்கிறார் என்று நயமாக விசாரித்தார்கள். அப்துல் கனி குரானைத் தொட்டுச் சத்தியம் செய்யாத குறையாக, மறுநாளே மகனைத் திரும்பச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்து அனுப்பினார்.

புதன்கிழமை சாதிக்கைத் திரும்பச் சேர்த்தார். இந்தத் தடவை செய்தி எதுவும் அனுப்பவில்லை. குரூப்பின் பெயரையே மாற்றினார். 'கனி குடும்பம்' போய், 'யாரும் எதுவும் போடாதீங்க' என்று ஆனது.

அதிசயம், யாரும் எதுவும் போடவில்லை.

காலையில் போடவில்லை. மாலையில் போடவில்லை. ஒரு கும்பிடு இல்லை, ஒரு கட்டைவிரல் இல்லை. அப்துல் கனி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தார். இந்த அறுபது வயசில் குடும்பம் மொத்தமும் ஒரே நேரத்தில் அவர் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் என்னவோ வெறிச்சென்றும் இருந்தது. ஒரு ரோஜாப்பூவைத் தொட்டு, அனுப்பப் போய், கையை எடுத்துக்கொண்டார்.

டீக்கடையில் அனீஸ் தன் போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"என்னலே சிரிப்பு?"

"சும்மா மச்சான். ஒரு காமெடி."

வீட்டில் மீரான் பீவி இஞ்சியைத் தட்டிக்கொண்டே, "சாதிக்குக்குச் சளி புடிச்சிருக்கும் போலங்க. ஏசி காத்து ஒத்துக்கலை" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

இருக்கும் என்று அவரும் நினைத்தார். தாய் மனசுக்குக் கார்டு வேண்டாம் போல.

வியாழக்கிழமை காலையில் அவருடைய போனுக்கே நேராக ஒரு வரி வந்தது. 'அத்தா, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுறேன். உங்ககிட்ட மட்டும் பேசணும்.'

அப்துல் கனி அந்த வரியை நாலு தடவை படித்தார். கண் கலங்கியது. ஆறு மணிக்கு நெட்டு எந்தக் காரணத்தாலும் நிற்கக் கூடாது. அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்தவருக்கு, அருப்புக்கோட்டைக்காரர் யாருக்கும் வரக்கூடிய யோசனைதான் வந்தது. பத்து நாளைக்கு ஒரு தடவை வரும் முனிசிபாலிட்டித் தண்ணீரை மேலத் தெருக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சினால், கடைசி வீட்டுக் குழாயில் காற்றுத்தான் வரும். இந்த அறுபத்து நாலு பேரும் ராப்பகலாக நெட்டை உறிஞ்சினால் கப்பலுக்கு என்ன போய்ச் சேரும்? கப்பல்தானே கடைசி வீடு?

குரூப்பில் போட முடியாது, அவரே போட்ட தடை. ஆகவே ஒவ்வொரு வீடாகப் போன் போட்டார்.

"ஆறு மணியில இருந்து ஆறரை வரைக்கும் யாரும் நெட்டு போடப்படாது. எம்புள்ள பேசுறான்."

"சரி மாமு. அணைச்சிருவோம்."

எதிர்த்துக் கேட்பார்கள் என்று பார்த்தார். ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோருடைய குரலிலும் நோயாளியிடம் பேசுகிற ஓர் அன்பு இருந்தது. போன் போட்டு முடித்து, தெருவில் இறங்கி அக்கம்பக்கத்து வீடுகளிலும் சொன்னார். எதிர்வீட்டுத் தறிக்கொட்டகையில் பாட்டுப் போட்டிருந்த ரேடியோவையும், எதற்கும் இருக்கட்டும் என்று, நிறுத்தச் சொன்னார்.

ஐந்தே முக்காலுக்குக் கை கால் கழுவி, புதுச் சட்டை போட்டு, போனை ஒரு துண்டின் மேல் வைத்து எதிரே உட்கார்ந்தார். இன்றைக்கு அவனைப் பேசவிட வேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தார். முதல் இரண்டு நிமிடம் அவனுக்கு.

ஆறு ஆனது. ஆறே கால் ஆனது. போன் மூச்சுவிடவில்லை. ஆறரைக்குச் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் சக்திகுமார் கடைக்கு ஓடினார்.

"ஊரே அணைச்சிருக்கு, அப்பவும் வரலைப்பா! இந்தக் கப்பல்காரன் டாலர வாங்கிட்டு என்னதான் செய்றான்?"

சக்திகுமார் போனை வாங்கிப் பார்த்தான்.

"பாய், உங்க நெட்ட அணைச்சு வச்சிருக்கீக."

"ஆமா. ஊருக்குச் சொல்லிட்டு நான் போட்டு வச்சிருந்தா நல்லாவா இருக்கும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. சக்திகுமார் நெட்டைப் போட்டதும் மூன்று தவறிய அழைப்புகள் வந்து விழுந்தன. ஆறு மணி, ஆறு நாலு, ஆறு பதினொன்று. கடைசியில் ஒரு வரி: 'நீங்க எடுக்கல அத்தா. பரவாயில்ல.'

திருப்பிக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கப்பலில் சாப்பாட்டு நேரமாக இருக்கும், அடுப்படியில் நிற்பான் என்று சக்திகுமார் ஆறுதல் சொன்னான். அப்துல் கனி அந்த 'பரவாயில்ல'வையே மறுபடி மறுபடி திறந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவரே திருச்சுழி பஸ் ஏறினார். இரண்டு பக்கமும் கருவேலம் புதர். நடுவில் அவர், இன்னும் ஒரு வாரம் கேட்பதற்கான வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு.

சிக்கந்தர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது, வேண்டாம் என்றாலும் கேட்காமல் அதிரசமும் வந்தது. நல்ல செய்தி சொல்கிற வீட்டில் இவ்வளவு கவனிப்பு இருக்காது என்று அப்துல் கனிக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

"பாய், ஒரே ஒரு வாரம். கப்பல்ல நெட்டு ரொம்ப மோசம். பையன் துடிக்கிறான், வார்த்த வந்து சேரலை."

சிக்கந்தர் தலையைக் குனிந்துகொண்டார். "வேணாம் பாய். மகளுக்கு வேற எடம் பாக்கலாம்னு இருக்கோம். உங்க மேலயோ மகன் மேலயோ எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. மாப்ள... இல்ல, உங்க மகன் நல்ல புள்ள. மனசுல உள்ளத மரியாதையாப் பேசுறாப்ல."

"பேசுறானா? நீங்க எப்ப பேசுனீக?"

"இல்ல... சொன்னாக. நாலு பேரு சொன்னாக."

மேசையில் கிடந்த அவர் போன் சிணுங்கியது. சட்டென்று குப்புறக் கவிழ்த்து வைத்தார். "இன்னும் ஒரு அதிரசம் எடுங்க பாய்" என்றார்.

"பதில் வராததையே பதிலா எடுத்துக்கிட்டீகளே பாய். கப்பல் நெட்டு செஞ்ச பாவத்துக்கு நான் என்ன செய்வேன்?"

"நெட்டு பாவம். அது என்ன செய்யும்" என்றார் சிக்கந்தர்.

அங்கேயே ஜும்மா தொழுதுவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் அப்துல் கனி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இடம் போனது வருத்தம்தான். மூன்றாவது தடவை, ஊரில் தலைகாட்ட முடியாது. ஆனால் அதையெல்லாம் தாண்டி, திங்கட்கிழமை திரையில் நின்றுபோன அந்த முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. பாதி திறந்த வாய். 'அத்தா, நான் ஒரு விசயம் சொல்லணும்' என்று எத்தனை தடவை ஆரம்பித்திருப்பான்? எண்ணிப் பார்த்தார். விரல் போதவில்லை. அத்தனையையும் நெட்டுத்தான் தின்றது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்தால்தான் பஸ்ஸில் அழாமல் வர முடிந்தது.

இறங்கியதும் கால்கள் தாமாகவே செல்போன் கடைக்குப் போயின.

"இந்தக் குரூப்ப அழிச்சிரு சக்தி. எடம் போச்சு."

"அடடா" என்றான் சக்திகுமார். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"எங்க குடும்பத்த நெனச்சாத்தான் எனக்கு நெஞ்சு வெடிக்குது. புதன்கிழமையில இருந்து அறுபத்திரண்டு பேரும் வாயக் கட்டிக்கிட்டு இருக்காக. எனக்காக. எம்புள்ளைக்காக. இப்படி ஒரு கட்டுப்பாடு எவன் குடும்பத்துல இருக்கு? இம்புட்டுச் செஞ்சும் அந்தப் பாழாப்போன கப்பலுக்கு ஒரு சொட்டு நெட்டு போகலையே."

மேசைமேல் இருந்த சக்திகுமாரின் போன் டிங் என்றது. உடனே இன்னொரு டிங். அவன் எடுத்துக் கவிழ்த்து வைத்தான். கவிழ்ந்த போன் மேலும் நாலு தடவை டிங் என்றது.

"ஒனக்கு யாருப்பா இம்புட்டு அனுப்புறது?"

சக்திகுமார் கழுத்தைச் சொறிந்தான். "பாய்... சொன்னா நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"நீ பேசாத, நான் சொல்..." என்று தொடங்கிய அப்துல் கனி, என்ன நினைத்தாரோ, பாதியில் நிறுத்தினார். எதிரே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"சரி. நீ சொல்லு. நான் கேக்குறேன்."

"இது அத்தனையும் உங்க மகன் கப்பல்ல இருந்து போடுற வீடியோ பாய், நீங்க அவர நீக்குன அன்னைக்கே அவரு புதுசா ஒரு குரூப்பு ஆரம்பிச்சு எல்லாரையும் சேத்துட்டாரு, என்னையக்கூடச் சேத்தாரு, நேத்து ராத்திரி திருச்சுழி சிக்கந்தர் பாய்கிட்ட மனசுல உள்ளதப் பேசி அவரையும் சேத்தாச்சு... உங்க ஒருத்தரத் தவிர."